இரு மலையும் இரு நாளும்

பெங்களூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தை மறந்தவர் இரார். அம்மாதத்தில்தான் எம் மைத்துனர் தம் மனைவியைப் பெருந்தொற்றுக்குப் பறிகொடுத்தார். ஊரிலிருந்து உறவினர் எவரும் வர இயலவில்லை. பதினாறாம் நாள் சடங்கின்போது வீட்டில் இருந்தவர் நால்வரே. சொந்த ஊராயின் தெருவே திரண்டு வந்து துக்கத்தில் பங்கு கொண்டிருக்கும். அயல் மாநிலத்து அடுக்குமாடி வீட்டிலோ, கதவைச் சாத்தினால் துயரமும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஓராண்டுக் காலம் அவர் பேச்சைக் குறைத்தார், உறக்கத்தை இழந்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்து கொடுத்ததோடு, நாள்தோறும் நடக்குமாறும் மருத்துவர் பணித்தார். அல்சூர் ஏரிக்கரையில் தொடங்கிய நடை, சில திங்களில் லால்பாக்கில் மெல்லோட்டமாக வளர்ந்தது. அந்நாட்களில்தான் மலை மராத்தான் என்னும் போட்டியைப் பற்றிப் படித்தோம். இங்கிலாந்தில் 1968-இல் தொடங்கிய அப்போட்டி இரண்டு நாட்கள் நடைபெறுவது. இருவர் இருவராக ஓட வேண்டும். உணவையும் கூடாரத்தையும் தாமே சுமக்க வேண்டும். வலியவர் மெலியவரை விட்டு முன்னே ஓடிவிட இயலாது. இருவரும் சேர்ந்து முடித்தால்தான் முடித்ததாகும்.

"போட்டி நமக்கு வேண்டாம், அத்தான். அந்த விதி மட்டும் போதும். நாமும் இரண்டு நாள் ஓடிப் பார்ப்போமே" என்றார் மைத்துனர். அந்த ஓராண்டில் அவர் தாமாக விரும்பிக் கேட்டது அது ஒன்றே.

நந்தி மலை, சாவனதுர்க்கம் என்னும் இரண்டையும் தேர்ந்தோம். நந்தி மலையில் தோன்றும் அர்க்காவதி ஆறு, சாவனதுர்க்கத்தின் அருகே ஓடி, கனகபுரத்துக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. முதல் நாள் ஆற்றின் பிறப்பிடத்தையும், மறுநாள் அது செல்லும் வழியையும் காண்பதென முடிவு செய்தோம்.

2023 ஜனவரி, பொங்கலுக்கு முந்திய வாரம். விடியுமுன் புறப்பட்டுச் சிக்கபள்ளாபூரில் பேருந்திலிருந்து இறங்கினோம். பனி மூடிய சாலையில் நந்திச் சிற்றூர் வரை மெல்ல ஓடினோம். அங்கே, மலையடிவாரத்தில், போக நந்தீசுவரர் கோயில் உள்ளது. பல மரபினரின் திருப்பணியைக் கண்ட அக்கோயிலில் சோழர் கைவண்ணமும் உண்டு. அருணாசலேசுவரர் சந்நிதியையும் அங்கே காணும்போது தமிழர் நெஞ்சம் திருவண்ணாமலையை நினையாமல் இராது. அருணாசலேசுவரர் இறைவனின் குழந்தைக் கோலம். போக நந்தீசுவரர் இளமைக் கோலம். மலையுச்சியில் உள்ள யோக நந்தீசுவரர் துறவுக் கோலம் என்பது மரபு.

கல்யாண மண்டபத்தின் தூண்களில் கொடியும் கிளியும் உயிர்பெற்றனபோல் விளங்குகின்றன. அதன் முன் மைத்துனர் நெடுநேரம் நின்றார். "கல்யாணமான மறுவாரம் இருவரும் இங்கே வந்தோம், அத்தான்" என்றார். யாம் அறியாத செய்தி அது. சுல்தான்பேட்டையிலிருந்து மேலேறும் பழைய கற்படி வழியில் ஓட்டம் நடையாயிற்று. அந்தப் படிகளில்தான் அவர் மனைவியைப் பற்றி வாய்விட்டுப் பேசத் தொடங்கினார். மூச்சு வாங்கும் இடத்தில் பேச்சு நிற்கும். மூச்சு திரும்பியதும் பேச்சும் திரும்பும். எதிரெதிரே அமர்ந்து சொல்ல முடியாதவற்றை, முன்னும் பின்னுமாக ஏறுகையில் சொல்ல முடிந்தது போலும். கடல் மட்டத்துக்கு 1478 மீட்டர் உயரத்தில் உள்ள உச்சியில், ஆரவாரமற்ற யோக நந்தீசுவரர் சந்நிதியில் இருவரும் வாளா அமர்ந்திருந்தோம். பின்னர் வளைந்து வளைந்து செல்லும் தார்ச்சாலையில் ஓடி இறங்கினோம். பேருந்தில் பெங்களூர் வழியாக மாகடியை அடைந்து, ஒரு சிறு விடுதியில் இரவைக் கழித்தோம். அன்று மைத்துனர் விடியும்வரை உறங்கினார்.

மறுநாள் மாகடியிலிருந்து சாவனதுர்க்கம் வரை வயல்களுக்கும் காட்டுக்கும் இடையே ஓடினோம். 1226 மீட்டர் உயரமுள்ள அம்மலை பெரியதோர் ஒற்றைப் பாறை. நந்திக் கோட்டையை 1791 அக்டோபரிலும், இதனை அதே ஆண்டு டிசம்பரிலும் காரன்வாலிசின் படைகள் திப்புவிடமிருந்து கைப்பற்றின. இங்கே கற்படிகள் இல்லை. வழுவழுப்பான பாறைச் சரிவே வழி. பாதி ஏறியதும் எம் கால்கள் நடுங்கலாயின. கீழே நோக்கினால் தலை சுற்றிற்று. "நீங்கள் போய் வாருங்கள், யாம் இங்கேயே இருக்கிறோம்" என்றோம்.

மைத்துனர் இறங்கி வந்து கையை நீட்டினார். "விதி நினைவிருக்கிறதா, அத்தான்? சேர்ந்துதான் முடிக்க வேண்டும்" என்றார். இரண்டாண்டுகளாக யாம் அவர் கையைப் பிடித்து நடத்திவந்ததாக எண்ணியிருந்தோம். அன்று அவர் கையைப் பற்றித்தான் உச்சியை அடைந்தோம். அங்குள்ள நந்தி மண்டபத்தில் அமர்ந்து, அவருடைய அக்காள் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். தம் பங்கை முழுவதும் உண்டுவிட்டு எம் பொட்டலத்திலும் அவர் கை வைத்தார். கீழே மஞ்சனபெலே அணையில் அர்க்காவதியின் நீர் வெயிலில் மின்னிற்று.

மலையேறினால் துயரம் மறையும் என்று யாம் கூறவில்லை. மைத்துனர் இன்றும் சில நாட்களில் வாடியிருப்பார். ஆயினும் துயரத்தைத் தனியே சுமக்க வேண்டியதில்லை என்பதை அவ்விரு நாட்களில் இருவரும் அறிந்தோம். வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலை இயக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அறிவுறுத்துகிறது; அது மனநலத்துக்கும் துணையாகும். ஆனால் ஓட்டம் மருத்துவத்துக்கு மாற்றாகாது. உறக்கமின்மையும் சோர்வும் நீடிப்பின் மருத்துவரை நாடுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். சாவனதுர்க்கம் செல்வோர் மழைக்காலத்தைத் தவிர்க்க; வழி அறிந்தவரை உடன் கொள்க.

உங்கள் அடுக்குமாடியில் அண்மையில் துக்கம் நேர்ந்த வீடு ஒன்று இருக்கலாம். ஞாயிறு காலையில் அக்கதவைத் தட்டி, "ஏரிக்கரை வரை நடந்து வருவோமா?" என்று கேளுங்கள். எம் மைத்துனர் இப்போது அவ்வாறுதான் கேட்டு வருகிறார்.