சண்டை தீர்க்க ஒரு பி.ஏ.!

சண்டை போட நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, குழாயடியே போதும். ஆனால் சண்டையைத் தீர்த்து வைக்கக் கல்லூரியில் பட்டம் தருகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

என் அக்கா மகள் அதைத்தான் படிக்கிறாள், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஜார்ஜ் மேஸன் சர்வகலாசாலையில். சச்சரவுகளை ஆராய்வதும் தீர்ப்பதும்தான் பாடம். "இதற்கு என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று அக்காவுக்குக் கவலை. பெற்றவள் கவலை நியாயந்தானே!

விஷயம் புதிதல்ல. உலக யுத்தம் முடிந்த மூன்றாம் வருஷமே, 1948-ல், இந்தியானா மாநிலத்து மான்செஸ்டர் கல்லூரி சமாதானத்தைப் பட்டப் படிப்பாக்கியது. அதற்கும் முன்னால், 1925-ல், மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அம்மையார் ஒரு சின்னக் கதை சொன்னார். நூலக அறையில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார். அம்மையாரோ மூட வேண்டும் என்கிறார். அவருக்கு வேண்டியது காற்று. அம்மையாருக்கோ வாடைக் காற்று மேலே நேராக வீசக் கூடாது. ஆளில்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். தீர்ந்தது!

"என்ன வேண்டும்?" என்பதை விட்டு "எதற்காக வேண்டும்?" என்று கேட்பதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி.

எங்கள் குடும்பத்திலும் ஒரு குடைச்சல் உண்டு. காலமான அம்மாவின் வைரத்தோடு அக்காவுக்கா, அண்ணாவுக்கா என்று மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. விடுமுறைக்கு வந்த பெண், தாயாரையும் மாமாவையும் தனித்தனியே அந்தக் கேள்வியைக் கேட்டாள். கடைசிக் காலத்தில் அம்மாவுக்குப் பணிவிடை செய்தது தான்தான் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் போதும் என்றாள் அக்கா. தன் பெண் கல்யாணத்தில் பாட்டியின் ஞாபகமாக ஒன்று இருக்க வேண்டும் என்றார் அண்ணா. தோடு இன்னும் பாங்கியில்தான் இருக்கிறது. ஆனால் சென்ற தீபாவளியன்று அண்ணா, அக்கா வீட்டுப் படி ஏறினார்.

நாடுகளுக்கும் இதே கேள்விதான். 1967 யுத்தத்தில் எகிப்தின் சினாயை இஸ்ரேல் பிடித்துக் கொண்டது. 1978 செப்டம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் இரு தலைவர்களையும் காம்ப் டேவிடில் 13 நாட்கள் தங்க வைத்துப் பேசினார். எகிப்துக்கு வேண்டியது தன் மண். இஸ்ரேலுக்கு வேண்டியது பயமில்லாத எல்லை. மண் திரும்பியது, அங்கே எகிப்து வைக்கும் படைக்கு வரம்பு கட்டினார்கள். 1979-ல் கையெழுத்தான உடன்படிக்கை இன்றும் நிற்கிறது. கார்ட்டர் தம்பதியின் பெயரைத்தான் 2020-ல் எங்கள் பெண் படிக்கும் பிரிவுக்குச் சூட்டினார்கள்.

ஆனால் பாலஸ்தீனர்களின் துயரம் தீரவில்லை. எகிப்தின் சதாத்தை 1981-ல் சொந்த நாட்டவர்களே சுட்டுக் கொன்றார்கள். படிப்பு மந்திரக்கோல் அல்ல. தோற்ற கதைகளும் அதில் பாடந்தான்.

அக்காவின் கவலைக்கும் பதில் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கியாயிற்று. 2023-ல் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டமும் நிறைவேறியது.

நேயர்களே, அடுத்த தடவை மாமியாரோ நாத்தனாரோ "அது எனக்கு வேண்டும்" என்றால், "முடியாது" என்பதற்கு முன் "எதற்காக?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை! கேட்கிற குரலில் சவால் தொனிக்கக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் நாலு வருஷம் பிடிக்கிறதாம்!