மஞ்சள் பலகை காட்டும் மலைவழி

சூரிச் நகரின் அருகே, ஏறத்தாழ 870 மீற்றர் உயரத்தில் நிற்பது ஊற்லிபேர்க் மலை. அதன்மேல் 1875ஆம் ஆண்டிலிருந்தே புகையிரதம் ஏறுகின்றது. எனினும், எமது பாடசாலையின் மூத்த வகுப்பு மாணவரைக் கோடைதோறும் நடத்தியே அழைத்துச் செல்வது எமது வழக்கம்.

கோடை என்றதும் பாதை காய்ந்திருக்கும் என நம்மவர் எண்ணுவர். வன்னியில் ஆடி மாதத்தில் காட்டுவழி புழுதியாய்க் கிடக்கும்; சேறு மார்கழிக்குரியது. இங்கோ கோடையே மழை மிகுந்த காலம். முற்பகல் வெயில் எறிக்கும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். ட்ரீம்லிப் பக்கத்திலிருந்து ஏறும் வழி செங்குத்தானது; மண்ணும் களிப்பாங்கானது. மரநிழல் அடர்ந்திருப்பதால் மழை ஓய்ந்து இரு நாள் சென்ற பின்னரும் ஈரம் உலராது. வெளியே தெரியும் வேர்கள் சவர்க்காரம் பூசியவைபோல் வழுக்கும். வேரின்மீது மிதியாது, வேர்களுக்கு இடையே கால் வைத்தல் வேண்டும். ஏறுவதிலும் இறங்குவதே கடினம். ஆதலால் நாம் ஏறிய வழியே இறங்குவதில்லை. மலைமுகட்டின் வழியே பெல்செனெக் வரை நடந்து, அங்கிருந்து கேபிள் காரில் அட்லிஸ்வில் சேர்வோம்.

அம்முகட்டு வழியில் சூரிய குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி அமைத்துள்ளனர். ஞாயிற்றிலிருந்து 150 மீற்றர் நடந்தால் பூமி. கிழமைப் பெயர்களைக் கொண்டே பிள்ளைகள் கோள்களை இனங்காண்பர். சனியை அடைந்ததும், "இது எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம், சேர்" என்று சிரிப்பர்.

வழியெங்கும் மஞ்சள் பலகைகள் உண்டு. அவை தூரத்தைக் கூறுவதில்லை. நடக்கும் நேரத்தையே கூறுகின்றன. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்பது கணக்கு. இளைப்பாறும் நேரம் அதில் அடங்காது. சோற்றுப் பார்சலும் சுமந்து செல்லும் நம்மவர் அக்கணக்கில் பாதியைக் கூட்டிக்கொள்ளல் நலம். இந்நாடெங்கும் ஒரே விதமான இவ்வழிகாட்டல் 1930களில் தொடங்கிற்று. அதனைத் தொடக்கியவர் மைலன் ஊரைச் சேர்ந்த யோகான் யாக்கோப் எஸ் என்னும் ஆசிரியர். மோட்டார் வண்டிகள் பெருகிய வீதிகளில் நடப்போருக்கு இடமில்லாது போனதே அவரைத் தூண்டியது. இதனை உருவாக்கியவர் ஒரு பொறியியலாளர் அல்லர், பள்ளி ஆசிரியர் என்பதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு.

நாம் அறிந்த பலகைகளோ சிவப்பு நிறத்தவை. 2009ஆம் ஆண்டின் பின் வன்னியில் மீள்குடியேறியோர், மண்டையோடு வரைந்த பலகைகளைப் பார்த்தே கால் வைத்தனர். மிதிவெடி குறித்து வகுப்பில் விளக்குவதும் அக்காலத்தில் எமது பணியாயிற்று. "பாதையை விட்டு இறங்காதே" என்பதே அதன் முதற் பாடம். இன்று இம்மலையிலும் அதே வாக்கியத்தைக் கூறுகின்றோம். சொல்லும்போது எமது குரல் சற்றுக் கடுமையாகிவிடுகின்றது. பிள்ளைகள் வியப்புடன் பார்ப்பர். இங்கே ஓரத்துப் புல்லில் இருப்பது உண்ணி மட்டுமே.

"நாங்கள் காடு வழிய நடந்தது காணாதே, மாஸ்டர்?" என்று ஒரு தந்தையார் எம்மிடம் வினவினார். நியாயமான கேள்வி. பாலையும் முதிரையும் நின்ற அக்காட்டில் அவர் எதனைச் சுமந்து நடந்தார் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அவர் மகன் அறிந்த காடு இது ஒன்றே. எத்தனை மணி நேரத்தில் வீடு நோக்கித் திரும்பலாம் என்பதை இங்கே பலகையே கூறிவிடுகின்றது. அக்காட்டையும் அவனிடமிருந்து நாம் ஏன் பறிக்க வேண்டும்?

உண்ணி குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியன சில. அது மரத்திலிருந்து விழுவதில்லை. புல்லிலும் பற்றையிலும் காத்திருந்து ஆடையைப் பற்றிக்கொள்ளும். நீள் காற்சட்டையும் நீள் காலுறையும் அணிவித்து அனுப்புங்கள். மாலையில் முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமயிர் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கடித்திருந்தால் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுக்க வேண்டும். தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசுதல் கூடாது. அவ்விடத்தில் சிவப்பு வளையம் தோன்றிப் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணியால் வரும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு.

நடைக்கு முதல்நாள் மழை பெய்திருந்தால் மலையடியிலிருந்து ஏறமாட்டோம். புகையிரதத்தில் மேலே சென்று முகட்டு வழியே நடப்போம். சப்பாத்தின் அடியைப் புறப்படுமுன் நாமே பார்ப்போம்.