ஓர் ஔகாரக் குறியும் ஊரின் ஏடும்

சிற்றிதழ் ஒன்று நின்றுபோனாலும் அதன் பிரதிகள் நின்றுவிடுவதில்லை. 1969 ஆம் ஆண்டில் கல்முனையிலிருந்து எம். ஏ. நுஃமான் வெளியிடத் தொடங்கிய 'கவிஞன்' நெடுங்காலம் வாழ்ந்த இதழன்று. ஆயினும் தேடுவார்க்கு அதன் இதழ்கள் இன்றும் கிட்டுகின்றன. யாரோ ஒருவரின் அலுமாரி அவற்றைக் காத்து வைத்திருந்தது. இணையத்தளத்திற்கு அத்தகைய அலுமாரி இல்லை. ஆண்டுக் கட்டணம் தவறிய சில வாரங்களில் முகவரி பிறர் கைக்குப் போய்விடுகின்றது. எழுதியவனிடத்தும் பிரதி இருப்பதில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்து எம் கரையைக் கொண்டுபோனபின், மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில் இளைஞர் பலர் இணையத்தளம் அமைக்க முற்பட்டனர். வளைகுடா நாடுகளில் தொழில்புரிந்தோர்க்கு ஊர்ச்செய்தி வேண்டியிருந்தது; ஜனாஸா அறிவித்தல் வேண்டியிருந்தது. எவருக்கும் பெரும்பொருள் இல்லை. வலைப்பதிவுக்கென ஆக்கப்பட்ட இலவச மென்பொருளே அவர்களுக்குக் கைகொடுத்தது. (ஊர்த்தளம் என்றால் தலைப்பில் ஓடும் செய்திப்பட்டை ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணம் எப்படி ஏற்பட்டதோ அறியேன். வாசித்து முடிக்குமுன் ஓடி மறையும் செய்தியால் யாருக்கு என்ன பயன்?)

அம்மென்பொருள்களுள் தலையாயது வேர்ட்பிரஸ். மிசேல் வால்ட்றிகி என்பார் ஆக்கிய பி2 என்னும் நிரல் கவனிப்பாரற்றுக் கிடந்த வேளையில், மற் முல்லன்வெக், மைக் லிற்றில் என்னும் இருவர் அதனை எடுத்து வளர்த்து 2003 மே 27 இல் வெளியிட்டனர். கைவிடப்பட்ட ஒன்றைப் பிறர் எடுத்தாள முடிந்தமைக்குக் காரணம் அதன் பொதுவுரிமம். 2004 மே மாதத்தில் வந்த 1.2 ஆம் பதிப்பிலேயே செருகி என்னும் அமைப்புப் புகுத்தப்பட்டது. இன்று உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவை இம்மென்பொருளின்மீதே நிற்கின்றன.

செருகி யாது என்பதை எம்மூர் நெசவாளர்க்கு விளக்குவது எளிது. மருதமுனையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். கரையில் பூவேலை வேண்டுமென்பதற்காக எவரும் தறியின் சட்டத்தை அறுப்பதில்லை. டொபி என்னும் பொறியைத் தறியின்மேல் ஏற்றுவர். வேண்டாதபோது இறக்கிவிடலாம், தறி பழையபடியே நிற்கும். வேர்ட்பிரஸின் மூலநிரலிலும் ஆங்காங்கே கொக்கிகள் விடப்பட்டுள்ளன. ஒரு கட்டுரை சேமிக்கப்படும் கணத்திலோ திரைக்கு வரும் கணத்திலோ மென்பொருள் அக்கொக்கியண்டை நின்று, 'இங்கே எவருக்கேனும் பணி உண்டா?' என்று கேட்பது போன்றது. நாம் எழுதிய சிறு நிரல் அவ்விடத்தில் வரிகளை வாங்கித் திருத்தித் திருப்பிக் கொடுக்கும். புதிய பதிப்பு வரும்போது மூலநிரல் முழுவதும் மாற்றப்படுமாயினும் செருகிகள் தம் தனிக்கோப்புறையில் தொடப்படாது கிடக்கும். மூலநிரலிலே கைவைத்தவனின் வேலையோ முதற் புதுப்பித்தலிலேயே அழியும்.

இவற்றையெல்லாம் நான் கற்க நேர்ந்தமை ஒரு பட்டியலின் பொருட்டு. கடலனர்த்தத்தில் இறந்த எம் பகுதியினரின் பெயர்களைத் தொகுத்து வைத்திருந்த தளமொன்று சில ஆண்டுகளில் மறைந்தது. கட்டாரிலிருந்த ஓர் அன்பரின் வங்கி அட்டையில் அதன் கட்டணம் செலுத்தப்பட்டு வந்தது, அவர் தொழில் முடிந்து ஊர் திரும்பினார், அட்டை முடிந்தது, தளமும் முடிந்தது. தளத்தை வைத்திருந்த நிறுவனத்திற்கு நாங்கள் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் மறுமொழி இல்லை. அமெரிக்காவிலுள்ள இணைய ஆவணக் காப்பகம் அத்தளத்தின் பக்கங்களை முன்னரே படியெடுத்து வைத்திருந்தமையால் பட்டியல் பிழைத்தது. படங்கள் பல கிடைக்கவில்லை, பெயர்கள் கிடைத்தன.

கிடைத்தவை பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் கணினி சேமிப்பது தமிழையன்று, ஆங்கில எழுத்துக்களையே. தமிழ் உருவம் அவற்றின்மேல் போர்த்திய போர்வை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை நழுவிவிடும். புள்ளி வைத்த மெய்தோறும் ஓர் அரைப்புள்ளி தோன்ற, பொருளற்ற ஆங்கில வரிகள் எஞ்சும். இதனை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உண்டு. ஆனால் ஓரிடத்தில் அவை இடறுகின்றன. பாமினியில் ளகரத்தின் உருவமே ஔகாரத்தின் வலப்புறக் குறியாகவும் பணிசெய்கின்றது. எனவே சில கருவிகள் எல்லாவற்றையும் ஔகாரமாக்கி 'வெள்ளம்' என்னும் சொல்லையும் சிதைத்துவிடும். வேறு சில எதனையும் தொடாது 'மௌலவி'யை 'மெளலவி' என்றே விட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முன்னையது மகரமும் ஔகாரக் குறியும். பின்னையது எகரக் குறியும் தனி ளகரமும். ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாது. மௌலவி, மௌத்து என்று எம் ஊர் வழக்கில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் இவை.

பக்கங்களை மீட்டு ஏற்றிய நாட்களில் அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "மகன், எங்கட மூத்தவன்ட பேரும் அதுக்குள்ள இரிக்கா?" என்று கேட்டார். தேடற் பெட்டியில் பெயரை இட்டேன். எதுவும் இல்லை என்று திரை கூறியது. அப்பெயரில் ஔகாரம் ஒன்று உண்டு. அதற்குமேல் அதனை இங்கு எழுதுவது முறையன்று. பட்டியலை வரிவரியாக இறக்கிக்கொண்டு போனபோது, வயதும் தெருவும் சேர்ந்து அப்பெயர் அங்கேயே இருந்தது. அவர் விரலைத் திரையில் வைத்துச் சிறிதுநேரம் இருந்தார். வாசிக்கத் தெரியாதவர் அவர்.

அன்றிரவு எழுதத் தொடங்கிய செருகி நாற்பது வரிகளுக்கு மேற்பட்டதன்று. கட்டுரையோ பட்டியலோ சேமிக்கப்படும் வேளையில் அது குறுக்கிட்டு, எகரக் குறியின் பின் வரும் ளகரத்தை நோக்கும். அந்த ளகரத்தின்மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் விலகிச்செல்லும். வெறும் ளகரமாயின் ஔகாரக் குறியாக்கும். அவ்வாறே, இருதுண்டாகக் கிடக்கும் ஒகர, ஓகாரக் குறிகளையும் ஒன்றாக்கும். ஊர்ப் பேச்சில் எழுதப்படும் கதைகளுக்கு இவ்விதி பொருந்தாது. 'வெளங்குதா' என்று கேட்கும் பாத்திரத்தின் வாயை அது கெடுத்துவிடும். ஆதலால் அறிவித்தல், பட்டியல் ஆகிய இரு பிரிவுகளில் மட்டுமே அதனை இயங்கவிட்டேன். இன்றைய ஜனாஸா அறிவித்தல்கள் பெரும்பாலும் படமாகவே வருகின்றன. படத்திலுள்ள பெயரை எந்தத் தேடற் பெட்டியும் வாசிக்காது என்பதால், படத்துடன் பெயரையும் ஊரையும் தட்டச்சுச் செய்தாலன்றி வெளியிட இயலாதவாறு இன்னொரு செருகியும் எழுதினோம். இதனைச் சலிப்புடன் ஏற்ற நண்பர்களும் உளர்.

பிறர் எழுதிய செருகிகளையிட்டு எனக்கு ஐயப்பாடு மிகுதி. ஒவ்வொன்றும் முகமறியாத ஒருவரின் நல்லெண்ணத்தில் வாழ்வது. அவர் சலித்துவிட்டால் புதுப்பித்தல் நின்றுவிடும். பழுதான பூட்டைத் திருடன் கண்டுகொள்வான். விலைச் செருகியின் களவுப் பிரதியை நிறுவி, தளத்தையே சூதாட்ட விளம்பரங்களுக்குப் பறிகொடுத்தவர்களை நான் அறிவேன். பொறுப்பை நான் ஏற்றபோது எங்கள் தளத்தில் முப்பத்தொரு செருகிகள் இருந்தன. ஓடும் பட்டையையும் சேர்த்து நீக்கி, இப்போது ஏழு வைத்திருக்கிறோம்.

கட்டணம் மட்டும் எந்தச் செருகிக்கும் அடங்குவதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியபோது, எங்கள் ஆண்டுக் கட்டணமும் ரூபாவில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஊரில் இணையத்தளத்திற்குப் பணம் சேர்ப்பது எளிதன்று. ஒன்பது பேர் பங்கிட்டுக் கட்டினோம். அவ்வாண்டே, தளம் முழுவதையும் தரவுத்தளம் வேண்டாத வெறும் பக்கங்களாக மாற்றித் தரும் செருகியொன்றைப் பொருத்தி, அப்பிரதியை மூன்று வன்தட்டுகளில் ஏற்றி மூன்று வீடுகளில் வைத்தோம். பெயர்ப் பட்டியலை மட்டும் தாளில் அச்சிட்டுக் கட்டுவித்தோம். அதன் ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்கின்றது. மற்றொன்றை அம்மூதாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.