சாமி மாடத்துக்குக் கீழே 98 டிகிரி

லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன்
வெள்ளிக்கிழமை இரவு

என் அருமை ராசாத்திக்கு,

உன் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறது, பெட்டியைத் தொட்டால் சுடுகிறது, "உங்க அத்தை பையன்கிட்ட கேட்டுச் சொல்லுடி" என்று எழுதியிருந்தாய். அவனிடம் கேட்டால் அறுநூறு வெள்ளிக்குத் தண்ணீர் கூலர் வாங்கச் சொல்வான். அவனை விடு. இதே விஷயத்துக்காக இங்கே ஒரு குடும்பச் சண்டையே நடந்து முடிந்திருக்கிறது. அதைச் சொன்னால் உனக்குப் பதிலும் கிடைத்துவிடும், பொழுதும் போகும்.

மாமாவின் சேலைக் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது தெரியுமா? கல்லாவுக்குக் கீழே, மர அலமாரிக்குள், கதவு சாத்தி. தூசி படக்கூடாதாம்! வாங்கிய அன்றே ஆசாரியை வரவழைத்து அளவெடுத்துச் செய்தது. பின்பக்கம் வயர் போக ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். அலமாரிக்கு மேலே சாமி மாடம். காலையும் மாலையும் சாம்பிராணி. மாமியின் சாம்பிராணி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், எதிர்க் கடைக்காரர் இருமுவார்.

தீபாவளி வியாபாரம். கடை முன்னால் அஞ்சடி நடைபாதை வரைக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். கம்ப்யூட்டர் முதலில் மந்தமானது. ஒரு பில் வருவதற்குள் வாங்க வந்தவள் மனசு மாறி இன்னொரு சேலையைப் பிரிக்கச் சொல்கிறாள். அப்புறம் பொட்டென்று அணைந்தது. அரைமணி விட்டுப் போட்டால் வேலை செய்கிறது, மறுபடி அணைகிறது. உடனே ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மாமி கண் திருஷ்டி என்று அலமாரிக் கைப்பிடியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். மாமா பக்கத்துப் பாட்டுக்கடை ஸ்பீக்கர் அதிர்ச்சிதான் காரணம் என்று அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். சின்ன மருமகனுக்கு எல்லாமே வைரஸ்தான், உனக்குத்தான் தெரியுமே. அத்தை பையன் வந்தான், ஒரு புரோகிராமைப் போட்டு, "98 டிகிரி மாமா, பிராசசர் பழசு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றான். மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கடைசியில் வந்தது யார் என்கிறாய்? நம் பின்வீட்டு அக்கா. பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் டெஸ்ட்டிங் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவர். சேலை மாற்ற வந்தவர் வேடிக்கையைப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துட்டு, அந்தக் கதவைக் கழட்டுங்க முதல்ல" என்றார். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து அனல் வந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினார். சேலைக் கடை நூல்தூசி, சாம்பிராணிப் பிசுக்கு, ஜிகினா எல்லாம் சேர்ந்து ஹீட்சிங்க் மேல் கம்பளமாகப் படிந்திருக்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தார், ஒரே துண்டாக உரிந்து வந்தது. மாமா அதைக் கையில் வாங்கி, "இது என் பாலிகாட்டன் சரக்குல்ல" என்றார் பாவம். இது போதாதென்று, கூலரை மதர்போர்டோடு பிடித்து வைத்திருக்கிற நாலு பிளாஸ்டிக் ஊசியில் ஒன்று மேலே எழும்பி நிற்கிறது. கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, பிராசசரில் முழுசாக உட்காரவே இல்லை. அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது.

இந்த பேஸ்ட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது குளிர்ச்சி மருந்து இல்லை. இரண்டு உலோகத் தகடுகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருக்கும், அதில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட். பட்டாணி அளவு போதும், கூலரை வைத்து அழுத்தினால் தானே பரவும். அக்கா பழசை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தபோது பிராசசர் மூடியில் எழுத்துகள் தெரிந்தன. இன்டெல் கோர் ஐ5, 2012இல் வந்த தலைமுறை, கீழே ஆங்கிலத்தில் "மலாய்" என்று பொறித்திருக்கிறது. மாமா கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "அட, நம்ம ஊர்ப் பிள்ளையா!" என்றார். அதுவரை தூக்கிப் போடலாமா என்று யோசித்தவர், அந்த நிமிஷத்திலிருந்து அதற்குத் தகப்பன்.

நம் பினாங்குத் தீவின் கதையை நாமே மறந்துபோகிறோம் பார். 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்காட்டில் இன்டெல் வந்து இறங்கியது, அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுடைய முதல் தொழிற்சாலை. முதலமைச்சர் லிம் சோங் இயூ வேலையில்லாத இளைஞர்களுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடித் தேடி அழைத்து வந்த காலம். ஏ.எம்.டி., எச்.பி., நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி எல்லாம் அப்போது வந்தவைதான். முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளுக்கு "எட்டுச் சாமுராய்" என்றே பெயர். பெண்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைத்தார்கள். 1975இல் இன்டெல் தொழிற்சாலையே தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் கட்டினார்கள். 2021இல் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு செய்வதாக அறிவித்தார்கள். சிப்பின் சிலிக்கானை வேறு ஊரில் வார்க்கிறார்கள். அதை வெட்டி, மூடி போட்டு, சோதித்துப் பார்த்து அனுப்புவது பினாங்கிலும் கூலிமிலும்.

அந்தச் சோதனைப் பகுதியில் இருந்தவர் இல்லையா நம் அக்கா, சொன்னார்: "சிப்பை அடுப்பு மாதிரி பெட்டிக்குள்ள வெச்சு, வழக்கத்தைவிட அதிக வோல்ட்டேஜ் குடுத்துச் சூடாக்குவோம். பலவீனமானது அங்கேயே போயிடும். மிச்சம்தான் கடைக்கு வரும். சூடு அதுக்குப் புதுசா என்ன?"

எனக்கு இது பிடித்திருந்தது. ஏனென்றால் எல்லோரும் சிப்பைத்தான் திட்டினார்கள். உண்மையில் அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. உள்ளேயே வெப்பமானி இருக்கிறது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரி வாக்கில் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கரண்டை வெட்டிவிடும். மாமா கடையில் பில் மெதுவாக வந்தது பழுதால் அல்ல, அது உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எல்லாச் சிப்பும் இப்படிச் சமர்த்தாக இருந்ததில்லை. 2001இல் ஜெர்மனிக்காரர் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் கூலரைப் பிடுங்கிப் படம் எடுத்தார். பென்டியம் 4 வேகம் குறைந்து தவழ்ந்தது, ஏ.எம்.டி. அத்லான் சில விநாடியில் புகைந்துபோனது. அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இன்றைக்கு இரண்டு கம்பெனிச் சிப்புகளுமே தம்மைக் காத்துக்கொள்ளும்.

பழுது முழுக்கக் காற்றில்தான். இந்தத் தெருக் கடைவீடுகளைக் கட்டியவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. முன்னால் அஞ்சடியில் நிழல், நடுவில் வானம் பார்த்த முற்றம், சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும், வாசலிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். கம்ப்யூட்டர் பெட்டியும் இதே கணக்குத்தான்: முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கத்தது வெளியே தள்ள வேண்டும். நூறு வருஷ வீட்டில் இருந்துகொண்டு மாமா கம்ப்யூட்டருக்கு முற்றமில்லாத அலமாரி செய்திருக்கிறார். தான் வெளியே விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது பாவம்.

பேஸ்ட் வைத்து, ஊசியை 'டிக்' என்று அழுத்தி, கல்லா பக்கத்தில் திறந்தவெளியில் வைத்துப் பில் போட்டார்கள். கூட்ட நேரத்திலேயே 70க்கு மேல் போகவில்லை. செலவு, ஒரு டியூப் பேஸ்ட்.

அத்தை பையனுக்கு மூக்கறுபட்டது. சும்மா இருப்பானா? அந்தத் தலைமுறையில் மூடிக்கு அடியிலும் ஈயப்பற்றுக்குப் பதில் பேஸ்ட்தான் போட்டிருக்கிறார்கள், பிளேடால் மூடியைப் பெயர்த்து அதையும் மாற்றினால் இன்னும் குறையும் என்றான். சொன்னது உண்மைதான், அப்படிச் செய்கிற பைத்தியங்கள் உலகெங்கும் உண்டு. மாமா பிராசசர் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

அக்கா அவனைப் பார்த்து, "உன்னோடதைக் காட்டு தம்பி" என்றார். அவன் அறையில் இருப்பது 13ஆம் தலைமுறை ஐ9. தண்ணீர் கூலர், கலர் விளக்கு, எல்லாம் உண்டு. வீடியோ எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னதும் கண்ணிமைக்கும் நேரத்தில் 100 தொட்டது! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணம் அங்கே வேறு. மாமாவின் ஐ5 கணக்குப்படி 77 வாட். இது முழு மூச்சில் 253 வாட் வரை போகும், அதுவும் கம்பெனி சொன்ன எல்லை. மதர்போர்டுக்காரர்கள் பலர் வேகப் போட்டியில் அந்த எல்லையையே எடுத்துவிட்டு விற்றார்கள். வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் வெப்பம் அதன் இருமடிப் பெருக்கமாக ஏறும், எந்தக் கூலர் தாங்கும்? 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கிக் கெட்டுப்போவதை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் நீட்டியது. இவன் அந்தத் திருத்தத்தைப் போடவே இல்லை. பயாஸைப் புதுப்பித்து, உள்ளே போய் வாட் எல்லையை 125 ஆக்கினார்கள். 80க்குள் அடங்கியது. விளையாட்டில் வித்தியாசமே தெரியவில்லை என்று இரண்டு நாள் கழித்து வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

உன் வீட்டுக்காரருக்கு வருவோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், கம்பளத்தின் மேல் வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதைத் தூக்கி மேசைமேல் வைக்கச் சொல், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு. கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, அஞ்சடிக்குக் கொண்டுபோய்த் தூசியை ஊதச் சொல். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வீடு கூட்டுகிற வேக்குவம் வேண்டாம், அதில் நிலைமின்சாரம் வரும். பிறகும் சுட்டால் பேஸ்ட், ஊசி. சும்மா இருக்கும்போது 40 சொச்சம், வேலை செய்யும்போது 80 வரை என்றால் கவலை வேண்டாம். ஏர்கோன் இல்லாத அறை என்றால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் காட்டும். அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும், ஈப்போ மத்தியானத்துக்கு அவர் என்ன செய்வார்! தண்ணீர் கூலர் மட்டும் வாங்க விடாதே. அந்தக் காசுக்கு நீ ஒரு சேலை எடு.

சேலை என்றதும் ஞாபகம் வருகிறது, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேனே. அக்கா காசு வாங்க மாட்டேன் என்றார். மாமாவுக்குத்தான் உற்சாகம் தலைக்கேறியிருந்ததே, "எந்தச் சேலை வேணுமோ எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். அக்கா நேரே உள் அலமாரிக்குப் போய், மாமி தன் மகள் நிச்சயதார்த்தத்துக்காக யார் கண்ணிலும் படாமல் பழைய பெட்டிக்குள் வைத்திருந்த அந்த மாம்பழக் கலர் காஞ்சிபுரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அது அங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று மாமி என்னைத்தான் முறைக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக! மாமாவோடு மாமி இன்னும் பேசவில்லை. தைப்பூசத்துக்கு வரும்போது நீயே கேட்டுத் தெரிந்துகொள், ஆனால் நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே லா.

அன்புடன்,
உன் பினாங்குச் சிநேகிதி