எனக்கு ரெண்டு வெள்ளி குறையுது

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். காப்பி பிடிக்கும் என்று சொல்லும்போது 'நான்' எங்கே காணாமல் போகிறது? ஆங்கிலத்தில் ஒரே வினை போதும் என்கிற இடத்தில் செர், எஸ்தார் என்று ஏன் இரண்டு? மரியாவைப் பார்த்தால் நடுவில் ஓர் 'ஆ' வருகிறது, வீட்டைப் பார்த்தால் வருவதில்லையே, ஏன்? மேசை எப்படிப் பெண்பால் ஆனது?

நான் படிக்கத் தொடங்கியது வேலைக்காக. பத்து பெரெண்டாமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மெக்சிகோவில் ஒரு கிளை உண்டு. அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு இரவு. வாரத்தில் இரண்டு இரவு இணையத்தில் கூட்டம் நடக்கும். அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும்போது நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாங்கிய புத்தகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் 'மே குஸ்தா எல் கஃபே' என்ற ஒரு வாக்கியத்தை விளக்க நான்கு பக்கம். 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்று நினைக்காதீர்கள், 'காப்பி என்னை மகிழ்விக்கிறது' என்று தலைகீழாக நினைத்துப் பழகுங்கள் என்று புத்தகம் கெஞ்சுகிறது.

எதற்குத் தலைகீழாக? எனக்குக் காப்பி பிடிக்கும். 'மே' என்றால் எனக்கு. பிடிப்பது காப்பிதான், நான் இல்லை. 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. 'மே பரேசே', எனக்குத் தோணுது. 'மே ஃபால்தான் தோஸ் ரிங்கிட்' என்று ஒரு நாள் நானே ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்தேன். ஆசாஹான் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி கடைக்காரரிடம் சொல்வதுதான் அது: "எனக்கு ரெண்டு வெள்ளி குறையுது, நாளைக்குத் தரேன்." மலாயும் ஆங்கிலம் மாதிரிதான், 'சாயா சுகா கோப்பி' என்று 'நான்' முன்னால் வந்து நின்றுவிடும். பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் நான் படித்த அந்த இரண்டு மொழியும் இங்கே கை கொடுக்கவில்லை. கை கொடுத்தது லயத்து வாசல் பேச்சு.

எல்லாக் கேள்விக்கும் இப்படித் தமிழ் விடை வைத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. செர், எஸ்தார் விஷயத்தில் பாதி வழிதான். 'நான் இஞ்சினியர்' என்பதற்குத் தமிழில் வினையே வேண்டாம், அங்கே ஸ்பானியம் செர் போடும். 'வீட்டுல இருக்கேன்', 'சோறு சூடா இருக்கு' என்றால் எஸ்தார். நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பலரும் மனப்பாடம் செய்யும் விதியைவிட இது எனக்குச் செம்மையாக வேலை செய்கிறது. அந்த விதிப்படி பார்த்தால் செத்துப்போனவருக்கு 'எஸ்தா முவெர்தோ' வரக் கூடாது. மரணத்தைவிட நிரந்தரம் என்ன? ஆனால் 'அவ உயரமா இருக்கா' என்னும் இடத்தில் என் விதியும் கவிழ்ந்துவிடுகிறது. நாம் 'இரு' போடுகிறோம், அவர்கள் செர் போடுகிறார்கள். மேசையின் பால் விஷயத்தில் தமிழ் சுத்தமாகக் கைவிட்டுவிடும். மேசை என்ற சொல்லையே போர்த்துகீசியரிடமிருந்து வாங்கினோம். ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும்கூட வாங்கினோம். பெண்பாலையும் ஆண்பாலையும் அவர்களிடமே விட்டுவிட்டு எல்லாவற்றையும் அஃறிணை ஆக்கிக்கொண்டோம். நல்ல வியாபாரம்தான்.

அந்த 'ஆ' இருக்கிறதே, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 'வேயோ லா காசா', வீட்டைப் பார்க்கிறேன். 'வேயோ ஆ மரியா', மரியாவைப் பார்க்கிறேன். தமிழில் 'வீடு பார்க்கிறேன்' என்று ஐ இல்லாமலும் சொல்லலாம். 'மரியா பார்க்கிறேன்' என்று சொல்ல முடியுமா? ஆளுக்கு ஐ கட்டாயம். தமிழ்ப்பள்ளியில் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ராகம் போட்டு ஒப்பித்தபோது இது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் பேசப்படும் கிறிஸ்தாங் மொழியிலும் இதே வேலைக்கு ஒரு சொல் உண்டு. ஆட்களைக் குறிக்கும்போது முன்னால் 'கு' வரும். நம்முடைய நான்காம் வேற்றுமையோடு ஒலியில் மட்டும்தான் உறவு, 'உடன்' என்னும் பொருளுள்ள போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு இங்கே உருவான மொழி. மேசையின் பால் அதிலும் உதிர்ந்துவிட்டது. 'மரியாவின் வீடு' என்பதை 'மரியா சா காஸா' என்று, உரியவரை முதலில் வைத்து நம்மைப் போலவே சொல்வார்கள். ஆலன் பாக்ஸ்டர் 1988இல் இதற்கு ஓர் இலக்கண நூல் எழுதினார். யுனெஸ்கோ இதை அழியும் நிலையில் உள்ள மொழிகளில் வைத்திருக்கிறது. சிறு வயதிலிருந்து அங்கே மீன் சாப்பிடப் போயிருக்கிறேன். அங்கே ஒரு வேற்றுமை உருபு இருக்கும் என்று நினைத்ததில்லை.

நாம் ஆங்கிலம் வழியாக ஸ்பானியத்துக்குப் போவதுபோல, ஒருவர் லத்தீன் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறார். முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையதுதான். தனக்குத் தெரிந்த லத்தீன் வேற்றுமைகளின் அச்சில் தமிழை வார்த்துப் பார்த்தார். வேறு வழி அவருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது, ஆனாலும் ஆங்கிலக்காரனின் சந்தேகத்தை நம்முடைய சந்தேகமாகச் சுமக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிராமர் வராது என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அண்ணன் மகள் அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. தமிழ்ப்பள்ளியா சீனப்பள்ளியா என்று மூன்று மாதமாக அங்கே சண்டை. "வேற்றுமை உருபு தெரிஞ்சு என்னடா பண்ணப் போறா? மாண்டரின் தெரிஞ்சா வேலை கிடைக்கும்" என்றார் அண்ணன். தப்பாகச் சொல்லவில்லை, எங்கள் தொழிற்சாலை நேர்காணல்களில் நானே பார்த்திருக்கிறேன். அண்ணி ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இன்னும் முடிவாகவில்லை.

அவள் இப்போது "நான் ஐஸ்கிரீம் பிடிக்கும்" என்கிறாள். மழலை என்று வீட்டில் எல்லாரும் ரசிக்கிறார்கள். மூன்று வயதில் அவள் "எனக்கு" என்றுதான் சொன்னாள். பாலர் பள்ளி போன பிறகு வந்த 'நான்' இது.

போன ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, தலை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஆமா சித்தப்பா" என்றாள். "நான் தலை வலிக்குது."