என் கணினி என்னை யாரென்று கேட்டது

அண்மையில் ஒரு நாள் காலை, எனது மடிக்கணினி என்னை உள்ளே விட மறுத்துவிட்டது. கணினிகள் மாறினாலும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே கடவுச்சொல்லையே வைத்திருக்கிறேன். விரல்களுக்கே மனப்பாடமான சொல் அது. தட்டினேன், தவறு என்றது. மீண்டும் தட்டினேன், மீண்டும் தவறு என்றது. பத்துத் தடவை தவறியதும், சற்றுக் கழித்து வருமாறு கூறிக் கதவை அடைத்துக்கொண்டது.

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அந்தக் கணினிக்குள் மீரியாபெத்தை இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் லயன்கள் மண்சரிவில் புதையுண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாக அங்கு சென்ற செய்தியாளர்களில் நானும் ஒருவன். பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. காணாமற்போனோரின் கணக்கு நாளுக்கு நாள் மாறியது. முகாமில் ஒரு தாய், எந்தக் காம்பிராவில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். இருபது நிமிட ஒலிப்பதிவு. பத்திரிகையில் வந்தது நான்கு வரி. மீதி முழுவதும் இந்தக் கணினியில் மட்டுமே இருந்தது. வேறு பிரதி எடுக்காதது என் சோம்பல்.

நகரத்தில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டு சென்றேன்.

"போர்மட் பண்ணித் தாரேன் சேர், ஒரு மணித்தியாலந்தான்."

"உள்ளே இருப்பவை?"

"அது போயிரும் சேர்."

கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் பார்க்கலாமே என்று தோன்றலாம். இக்காலக் கணினிகள் பலவற்றில் வட்டே மறைகுறியாக்கப்பட்டிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எதையும் படிக்க இயலாது. அதனை நான் குறித்து வைத்திருக்கவில்லை.

கணினிக்குக் கடவுச்சொல் என்ற ஏற்பாட்டை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கொண்டுவந்தவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்த காலம் அது. 1962இலேயே அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கூடுதல் நேரம் பெறுவதற்காக எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துவிட்டார். பிற்காலத்தில் கோர்பட்டோவே கடவுச்சொற்கள் பெருந்தொல்லையாகிவிட்டதாகச் சலித்துக்கொண்டார். அன்றிரவு எனக்கு அவர்மீது அனுதாபம் பிறந்தது.

மறுநாள் மாலை, உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். நான் தட்டுவதைப் பார்த்தாள்.

"அங்கிள், அந்தக் கண் படத்தை ஒருதரம் அழுத்துங்க."

அழுத்தினேன். புள்ளிகள் மறைந்து எழுத்துகள் தெரிந்தன. அத்தனையும் தமிழ் எழுத்துகள்!

முதல்நாள் இரவு தமிழில் கட்டுரையொன்றைத் தட்டச்சுச் செய்தபடியே மூடியை மூடியிருக்கிறேன். விசைப்பலகை தமிழிலேயே நின்றுவிட்டது. விசை அதேதான், அது எழுதிய எழுத்து வேறு. திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் எனக்கு விளங்கவில்லை. கீழே வலது மூலையில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். கதவு திறந்தது.

பாமினி எழுத்துருவில் தொடங்கி, ஒருங்குறிக்கு வந்து, ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழகி, கணினியில் தமிழ் வேண்டும் என்று மேடைதோறும் பேசியவன் நான். கடைசியில் தமிழே என்னை வெளியில் நிறுத்திவிட்டது.

வாசலில் நிற்பது மலையகத்தவருக்குப் புதிதல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம், பிறந்த மண்ணிலேயே எங்கள் பெரியவர்களிடம் தகப்பன் பிறந்ததற்கும் அத்தாட்சி கேட்டது. என் அப்பா தகரப் பெட்டியில் கடதாசிகளைப் பூட்டி வைத்துக் காத்ததன் காரணம் அதுதான். அவர் மகன் ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். கண் படத்தையும், மொழிக் குறியையும், பெரிய எழுத்து விசையையும் முதலில் பாருங்கள். மீட்புச் சாவியை இன்றே தாளில் எழுதி வையுங்கள். பிரதி எடுக்காமல் எவரிடமும் போர்மட் செய்யக் கொடுக்காதீர்கள்.

அந்த ஒலிப்பதிவை இப்போது இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். அதனுடன், தினமும் இரவில் சிறிது நேரம் அதனைக் கேட்டு, அந்தத் தாய் சொன்ன பெயர்களை ஒரு கொப்பியில் பேனாவால் எழுதி வருகிறேன். இன்னும் ஒரு லயம் மீதமிருக்கிறது.