குளிர் தேசத்தில் முளைத்த விதைகள்

லண்டன் மாநகருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், பாராளுமன்றத்தின் மணிக்கூண்டைப் பற்றிச் சொல்வார்கள். கரடித்தோல் குல்லாய் தரித்த சிப்பாய்கள் அரண்மனை வாசலில் காவல் மாறும் வைபவத்தைப் பற்றியும் சொல்வார்கள். அந்த ஊரில் வாழை மரம் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் மிகச் சிலரே. நகரத்துக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில், கியூ என்ற இடத்தில் ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. தை மாதத்தில் ஒரு நாள் அங்கே போக வேண்டும். வெளியே இலையில்லாத மரங்கள் விறகுக் கட்டைகளைப் போல நிற்கும். புல்லின் மேல் உறைபனி உப்புப் பூத்தாற் போலப் படிந்திருக்கும். மாலை நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும். இத்தகைய நாளில் அங்குள்ள பெரிய கண்ணாடி மாளிகையின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால், முதலில் நம்முடைய மூக்குக் கண்ணாடி மங்கிப் போகிறது. அடுத்த நிமிஷம் மேல் அங்கியைக் கழற்றுகிறோம். ஆவணி மாதத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எழும்புமே, அந்த ஈர மண் வாசனை மூக்கில் ஏறுகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், வாழையும் மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் நிற்கின்றன!

இதற்குப் பனை மாளிகை என்று பெயர். 1844-ல் தொடங்கி 1848-ல் கட்டி முடித்தார்கள். டெஸிமஸ் பர்ட்டன் என்ற சிற்பியும் ரிச்சர்ட் டர்னர் என்ற இரும்புத் தொழில் நிபுணரும் சேர்ந்து எழுப்பியது. நீளம் 363 அடி. அகலம் 100 அடி. நடு மண்டபத்தின் உயரம் அறுபது அடிக்கு மேல். கப்பல் ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற தோற்றம். சுமார் 16,000 கண்ணாடிகளைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் கண்ணாடி மாத்திரம் இருந்தால் போதுமா? தரைக்கு அடியில் கொதிகலன்களை வைத்து, இரவு பகலாக நிலக்கரியைப் போட்டு எரித்தார்கள். மாளிகையின் அழகு கெட்டுவிடக் கூடாதே என்று, புகையைச் சுரங்கத்தின் வழியாகக் கொண்டுபோய், தூரத்தில் கோயில் கோபுரம் மாதிரி கட்டிய ஒரு புகைபோக்கியில் விட்டார்கள். நமக்குச் சூரிய பகவான் காசு வாங்காமல் கொடுப்பதை அவர்கள் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்து, விலை கொடுத்து வாங்கி எரிக்க வேண்டியிருந்தது.

மரத்தை வளர்ப்பது ஒரு வித்தை. விதையை முளைக்க வைப்பது அதைவிடப் பெரிய வித்தை. உஷ்ண தேசத்து விதைக்கு மேலே காற்று சூடாயிருப்பதைக் காட்டிலும் கீழே மண் சூடாயிருப்பதுதான் முக்கியம். இது தெரியாமல் ஜன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருந்தால், விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். கொதிகலன் வருவதற்கு முன்னாலேயே சீமைத் தோட்டக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். தோல் பதனிடும் இடங்களில் கழித்துப் போடும் மரப்பட்டைத் தூளைக் குழியில் நிரப்புவார்கள். அது மெள்ள மெள்ளப் புளித்து, மாதக் கணக்கில் இளஞ்சூடு கொடுக்கும். அந்தச் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்துத்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்கள் வீட்டு விருந்துக்கு அன்னாசிப் பழம் விளைவித்தார்கள். நம் ஊரில் எருக்குழியின் மேல் தானாக முளைக்கும் பூசணிக்கொடியின் இரகசியமும் இதுதான்.

சூட்டுக்கு அடுத்தபடி வெளிச்சம். மார்கழியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரங்கூட இராது. அப்போது முளைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி, வெளுத்து, நூலைப் போலாகிச் சாய்ந்துவிடும். ஆகையால் அவசரப்படாமல் பகல் நீளும் பருவத்துக்காகக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

அமேஸான் நதியில் வளரும் இராட்சத அல்லியின் கதையைக் கேளுங்கள். ஆறடி அகலத்துக்கு மேல் தாம்பாளம் போல் விரியும் இலை அதற்கு. 1846-ல் அதன் விதைகளை ஈரக் களிமண்ணில் பொதிந்து கியூவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டே இரண்டு முளைத்தன. அவையும் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. 1849-ல் யாரோ ஒருவருக்கு யோசனை தோன்றி, விதைகளைச் சுத்தமான தண்ணீர் நிறைந்த சிறு புட்டிகளில் போட்டு அனுப்பினார்கள். அவ்வளவுதான், முளைத்துவிட்டன! அந்த நாற்றுகளில் ஒன்றைச் சாட்ஸ்வொர்த் பிரபுவின் தோட்ட அதிகாரியான ஜோஸப் பாக்ஸ்டன் எடுத்துச் சென்று, அதே வருஷம் நவம்பர் மாதத்தில் பூக்க வைத்தார். அந்த இலையின் அடிப்புறத்து நரம்புகளைப் பார்த்துத்தான் 1851-ஆம் வருஷத்துப் பொருட்காட்சிக்குப் பளிங்கு மாளிகையை அமைக்கும் யோசனை தமக்கு வந்தது என்றார் அவர். கியூவிலும் விடவில்லை. அல்லிக்கென்றே 1852-ல் ஒரு தனி வீடு கட்டினார்கள். அந்த வீட்டில் அந்த அல்லி சரியாக வளரவில்லை என்பது வேறு விஷயம்! இன்றும் கியூவில் இந்த அல்லியை ஒவ்வொரு வருஷமும் விதையிலிருந்தே புதிதாக எழுப்புகிறார்கள்.

பெரியதற்கு நேர் எதிராகச் சிறியதும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் ருவாண்டா தேசத்தில் ஒரு வெந்நீர் ஊற்றின் கரையில் 1987-ல் கண்டெடுத்த குட்டி அல்லி. இலை சில சமயம் நம் கால் ரூபாய்க் காசின் அளவுதான். ஊற்று நீரை வேறு காரியத்துக்குத் திருப்பியதால் அந்த இடத்தில் செடி அழிந்து போயிற்று. கியூவில் கார்லோஸ் மக்தலேனா என்ற தாவர வல்லுநர் கையில் கொஞ்சம் விதை இருந்தது. மற்ற அல்லிகளைப் போல் தண்ணீருக்குள் முளைக்க வைத்தால், முளைத்தவை வளராமல் மடிந்தன. இந்த அல்லி ஊற்றுக்குள் வளர்வதில்லை, ஊற்றின் ஓரத்துச் சேற்றில் வளர்வது என்பதை யோசித்து, நீர் மட்டம் மண் மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி வைத்தார். காற்றிலுள்ள கரியமில வாயு கிடைத்தது, நாற்றுகள் தழைத்தன, 2009-ல் பூத்தன. 2014-ஆம் வருஷம் ஜனவரியில் யாரோ அதில் ஒரு செடியைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். செடித் திருட்டைப் பற்றிக் கியூவில் பேசும்போது எனக்கு வேறொரு கதை ஞாபகம் வராமல் இருக்க முடியாது.

அதுதான் ரப்பரின் கதை. தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

விதைகளில் இரண்டு ஜாதி உண்டு. நெல், கத்தரி, மிளகாய் போன்றவை ஒரு ஜாதி. உலர்த்திப் பானையில் கட்டி வைத்தால் காத்திருக்கும். லண்டனுக்குத் தெற்கே, வேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் கியூ ஸ்தாபனத்தார் 2000-ஆம் ஆண்டில் திறந்த விதைக் களஞ்சியத்தில் இத்தகைய விதைகளை நன்றாக உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில் பாதுகாக்கிறார்கள். இரண்டாவது ஜாதி பலாக்கொட்டையும் மாங்கொட்டையும். உலர்ந்தால் செத்தது, உறைந்தாலும் செத்தது. ரப்பர் விதை இந்த இரண்டாவது ஜாதி. காட்டில் விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணைக் காணாவிட்டால் பயனில்லை. அமேஸான் காட்டிலிருந்து லண்டனுக்குக் கடல் மார்க்கமாக வரும் கால அவகாசமோ அந்தச் சில வாரங்களையே விழுங்கிவிடும். 1873-ல் வந்த இரண்டாயிரம் விதைகளில் முளைத்தது ஒரு டஜன்தான். அவற்றில் ஆறு கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள், அவையும் பிழைக்கவில்லை.

1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் தேசத்தில் தபாஜோஸ் நதிப் பிரதேசத்தில் சுமார் 70,000 விதைகளைச் சேகரித்தார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன் என்பது பேச்சு. கூடைகளில் காட்டு வாழைச் சருகை இடையிடையே பரப்பி அடுக்கி, 'அமேஸானாஸ்' என்ற நீராவிக் கப்பலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, ஜூன் 14-ந் தேதி கியூவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். துறைமுகத்துச் சுங்க அதிகாரிகளை ஏமாற்றி அவர் விதைகளைக் கடத்தி வந்தார் என்று வெகு காலமாக ஒரு வீரக் கதை வழங்குகிறது. ரப்பர் விதையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அப்போது பிரேஸிலில் சட்டமே இல்லை. பிற்பாடு பிரேஸில் தேசத்தின் ரப்பர் வியாபாரம் படுத்துப் போனதை நினைத்தால், சட்டத்தில் இடம் இருந்ததனால் காரியம் நியாயமாகிவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கியூ தோட்டத்தின் தலைவர் ஜோஸப் ஹூக்கர் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. கண்ணாடி வீடுகளில் இருந்த ஆர்க்கிட் செடிகளை அப்புறப்படுத்தி, மறுநாளே விதைகளை ஊன்றச் செய்தார். நான்காம் நாளே சில விதைகள் முளை காட்டின. ஆனால் 70,000-த்தில் முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம். நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்த நான்கே போதுமாயிருந்தது.

அடுத்த பிரச்னை, நாற்றுகளை மறுபடியும் கடல் கடத்துவது. அதற்கு ஒரு சாதனம் தயாராக இருந்தது. லண்டனில் வைத்தியம் செய்துகொண்டிருந்த நத்தானியல் வார்ட் என்பவர், 1829-ஆம் வருஷ வாக்கில் பூச்சிக் கூடு ஒன்றைப் புட்டிக்குள் மண்ணில் வைத்து மூடியிருந்தார். பூச்சிக்குப் பதிலாக அந்த மண்ணில் ஒரு செடி முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே தழைப்பதைக் கண்டார். மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணிலேயே சொட்டுகிறது! இதை வைத்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டி, உப்புக் காற்றிலிருந்து செடிகளைக் காத்து உலகம் முழுவதும் கொண்டுபோயிற்று. நீலகிரியில் கொயினா மரம் வந்ததும் இத்தகைய பெட்டிகளினாலும் விதைகளினாலுந்தான். உதகமண்டலத்துத் தோட்டத்தை அமைத்த மக்ஐவர், கியூவில் தொழில் பயின்றவரே.

1876-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 38 பெட்டிகளில் 1,919 ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. கொழும்புக்கு வடக்கே ஹெனரத்கொடையில் அவற்றை நட்டார்கள். சிங்கப்பூருக்கு அனுப்பிய கன்றுகள், கப்பல் கூலி கட்டுவதில் சர்க்கார் காட்டிய தாமதத்தினால் துறைமுகத்திலேயே வாடிப் போயின. ஆயினும் மறு வருஷமே வேறு 22 கன்றுகள் போய்ச் சேர்ந்தன. பத்து வருஷம் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1888-ல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சட்டைப் பை நிறைய விதையை வைத்துக்கொண்டு காப்பித் தோட்டக்காரர்களிடம் நடையாய் நடந்ததற்கு அவருக்குக் கிடைத்த பட்டம், 'பைத்தியக்கார ரிட்லி'. மோட்டார் வண்டி பிறந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று, பைத்தியம் தெளிந்துவிட்டது!

காட்டை வெட்டுவதற்கும் பால் எடுப்பதற்கும் ஆள் வேண்டுமே! தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக் கிராமங்களுக்குக் கங்காணிகள் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் ஜனங்கள், விடியற்காலை இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்த மரங்களின் பட்டையைக் கீறினார்கள். இந்திய சர்க்கார் 1938-ல்தான் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. பிறகு யுத்தம் வந்தபோது, ஜப்பானியர் அதே தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சயாம் ரயில் பாதை போடவிட்டதும், அவர்களில் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டதும் சரித்திரம். கியூவில் பனை மாளிகையில் ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. சாம்பல் நிறப் பட்டை, மூன்று மூன்றாக இலை. அழகென்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. தோட்டக்காரர்களின் சாமர்த்தியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எழுபதினாயிரம் விதைகளில் எத்தனை முளைத்தன என்பது கியூவின் ஏட்டில் பதிந்திருக்கிறது. கப்பலேறிய நம் ஜனங்களில் எத்தனை பேர் கிராமத்துக்குத் திரும்பினார்கள் என்று எந்தக் கங்காணி எழுதி வைத்தான்?

மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழ் நாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இன்று லண்டனில் ஏராளமாக இருக்கின்றன. நகரத்தின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் சில வீடுகளின் ஜன்னலோரத்தில் ஒரு தொட்டியைக் காணலாம். அதில் இருப்பது கறிவேப்பிலை. இரும்பு மாளிகையும் கொதிகலனும் இல்லாமல் நம் தாய்மார்கள் நடத்தும் கியூ தோட்டம் அது! கறிவேப்பிலை விதையும் பலாக்கொட்டை ஜாதிதான். கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவிவிட்டு, உலரவிடாமல் உடனே ஊன்ற வேண்டும். தொட்டியின் அடிப்புறம் சூடாயிருக்கும்படி, வீட்டைச் சூடேற்றும் இரும்புக் குழாய்க்கு அருகில் ஒரு பலகையின் மேல் வைக்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். குளிரில் செடி உறங்கும். இலைகள் பழுத்துக் கொட்டினாலும் பயப்படக் கூடாது. பயந்து தண்ணீரை ஊற்றுகிறவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள். சித்திரை வைகாசியில் கணுவில் செந்துளிர் தெரியும். முதல் வருஷம் ஓர் இணுக்குக்கூடக் கிள்ளக் கூடாதாம். இரண்டாம் வருஷம், ரசத்துக்கு மட்டும்.